மூன்றெழுத்து டிசம்பர்

1. பெரட்டு

டிசம்பர் முதல் தேதி காலை ஏழே முக்கால் ஆகியும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு சீட்டுகூட அச்சாகவில்லை.

ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை அது. அங்கே கணினிப் பிரிவில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம்தான் வெளியே வந்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்தால், "என்னா படிச்சா நல்லது?" என்று கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் படியுங்கள். அதற்கு முன்னால் இந்த ஒரு நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சீட்டு என்றால் தரச் சீட்டு. எந்த லைனில், எந்த நாளில், எந்தக் கலவையில் செய்த கையுறை என்று ஒவ்வொரு பெட்டி அடுக்குக்கும் ஒரு தாள் ஒட்டவேண்டும். கையால் எழுதினால் வாங்குகிறவர்கள் ஏற்கமாட்டார்கள். சீட்டு இல்லையென்றால் கண்டெய்னர் கேட்டைத் தாண்டாது. அந்தச் சீட்டை அச்சடிக்கும் புரோகிராம் பைத்தானில் எழுதியது. எழுதியவள் நான், ஜெசிந்தா.

காலைக் கூட்டத்தை எங்களில் பாதிப் பேர் பெரட்டு என்றுதான் சொல்வோம். எஸ்டேட்டில் விடிவதற்குள் எல்லாரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. அன்றைக்குப் பெரட்டில் முதலில் கூப்பிடப்பட்ட பெயர் என்னுடையது.

"ஜெசிந்தா, சீட்டு வரலை. கண்டெய்னர் ரெண்டு மணிக்கு பினாங்கு போர்ட்டுக்குக் கெளம்பணும்லா. என்னா கதை?" என்றார் தேவராஜ். அவர் ஆலை மேனேஜர். கத்தமாட்டார். கத்தாமலே ஆளைக் குறுக வைப்பார்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் பாஸ்."

"பாத்தா வந்துருமா?"

அவர் கையில் ஒரு நீல ஃபைல் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹமீதாவுக்கும் தெரியும். அவளுடைய கன்ஃபர்மேஷன் லெட்டர். ஜூன் முதல் தேதி வேலைக்கு வந்தவள். ஆறு மாதப் புரோபேஷன் முந்தின நாள் முடிந்திருந்தது. அன்று மதியம் தேவராஜ் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

ஹமீதாவுக்கு முப்பத்து நான்கு வயது. காம்பாரில் அவள் அண்ணன் ரெஸ்டாரன்ட் நடத்துகிறார். யுனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற ஆற்றின டீயும் கொடுத்து நன்றாக ஓடுகிற கடை. அதன் கல்லாவில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தவள், சாயங்கால வகுப்புக்குப் போய்ப் புரோகிராமிங் படித்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். "ஆறு மாசம் பாரு. எடுக்கலைன்னா நம்ம கல்லா இருக்கு" என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னாள்: "திரும்பிப் போனா அண்ணன் ஒரு வார்த்தை சொல்லமாட்டாருக்கா. எடம் விட்டு ஒதுங்கி நிப்பாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

2. நான் கூப்பிடாத ஆள்

பைத்தானோடு ஒரு பெரிய கருவிப்பெட்டி சேர்ந்தே வரும். ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்பார்கள். தேதி பார்க்க ஒன்று, கணக்குப் போட ஒன்று, கோப்பு திறக்க ஒன்று என்று நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மோட்யூல். நம் புரோகிராமில் import என்று எழுதி அதன் பெயரைச் சொன்னால் வந்து நிற்கும்.

அன்றைக்குத் திரையில் வந்த எர்ரர் இப்படிச் சொன்னது: inspect என்கிற மோட்யூல் dis என்கிற மோட்யூலிடம் ஒரு பட்டியலைக் கேட்டது, dis அப்படி எதுவும் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இரண்டுமே லைப்ரரியில் இருப்பவை. நான் எழுதியது இல்லை, ஹமீதாவும் எழுதவில்லை. என் புரோகிராமில் அந்த இரண்டு பெயரும் எந்த வரியிலும் இல்லை. நான் கூப்பிட்டது வேறொரு மோட்யூலை. அது inspect-ஐக் கூப்பிட, inspect போய் dis-ஐக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு புரோகிராமைப் பிரித்துப்போட்டு உள்ளே இருக்கும் கட்டளைகளைக் காட்டுகிற கருவி dis. என் ஆயுளில் ஒருநாளும் எனக்கு அது தேவைப்பட்டதில்லை. தேவையே படாத ஒன்று என் ஆலையை நிறுத்தி வைத்திருந்தது.

எனக்கு உடனே ஒரு குற்றவாளி கிடைத்தார். எங்கள் சர்வரைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து குணா என்று ஒருவர் வருவார். சனிக்கிழமை வந்து விண்டோஸ் அப்டேட் போட்டுவிட்டுப் போயிருந்தார். போனைப் போட்டேன்.

"குணா, என்னாத்தைப் பண்ணி வச்சீங்க? லைப்ரரியே ஒடைஞ்சு கெடக்கு."

"மேடம், நான் பைத்தான் பக்கமே போகலை."

"போகாமயே ஒடைஞ்சுச்சா? தானாவா ஒடையும்?"

"மேடம், நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சுல்ல? நான் போட்டது சனிக்கிழமை."

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். கிளம்பி வாங்க என்றேன். பாவம், லகாட்டில் வேறொரு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். பைத்தானை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னேன். போட்டார். ஒன்பது பத்துக்கு ஓட்டிப் பார்த்தோம். அதே எர்ரர், ஓர் எழுத்து மாறவில்லை.

3. டைம் காணோம்

சரி, dis எங்கேதான் இருக்கிறது என்று அதனிடமே கேட்போம் என்று என் மேசைக்கு வந்தேன். பைத்தானில் ஒரு மோட்யூலின் இருப்பிடம் தெரியவேண்டுமென்றால் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து __file__ என்று கேட்கவேண்டும். என் மேசையிலிருந்தே சர்வரைத் திறந்து கேட்டேன். பைத்தானுடைய Lib ஃபோல்டரில் dis.py என்று பதில் வந்தது. இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலையும் கேட்டுப் பார்த்தேன், சமர்த்தாகக் கொடுத்தது. என்னிடம் நல்ல பிள்ளை, என் புரோகிராமிடம் மட்டும் சண்டித்தனம்.

மற்ற மோட்யூல்களாவது ஒழுங்காக இருக்கின்றனவா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். os இருந்தது. json இருந்தது. sys என்று கேட்டேன், __file__ என்று எதுவும் இல்லை என்று பதில். time என்று கேட்டேன், அதற்கும் இல்லை. math என்று கேட்டேன், அதுவும் இல்லை. Lib ஃபோல்டரைத் திறந்து தேடினேன். datetime.py இருக்கிறது, timeit.py இருக்கிறது, time.py மட்டும் இல்லை. டிஸ்க் முழுக்கத் தேடினேன். இல்லவே இல்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தேவராஜ் அறைக்குப் போனேன்.

"பாஸ், லைப்ரரில பாதி ஃபைல் காணோம். டைமே காணோம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கும் டைம் காணோம் ஜெசிந்தா. லாரி வந்து கேட்டுல நிக்குது."

குணாவை அறைக்குள் கூப்பிட்டு, என்னென்ன அழிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மனுஷன் முகம் செத்துவிட்டது. அப்போது ஹமீதா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, அதெல்லாம் காணாமப் போகலை."

"நான் தேடிட்டேன் ஹமீதா. இல்லை."

"ஃபைலா இருந்தாத்தானேக்கா தேடுனா கெடைக்கும்? sys, time, math இதெல்லாம் விண்டோஸ்ல பைத்தான் இன்ஜினுக்குள்ளயே சேத்து வச்சுட்டாங்க. ரொட்டி மாவுல உப்பு மாதிரி. தனியா எடுத்துக் காட்ட முடியாது."

என் கையிலிருந்த மடிக்கணினியை வாங்கி sys.builtin_module_names என்று அடித்தாள். ஒரு நீளமான பட்டியல் வந்தது. அதில் sys, time, math எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளேயே கட்டிவைத்தவை. இன்னும் சில, C மொழியில் எழுதி மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிவைத்தவை, DLLs என்ற ஃபோல்டரில் .pyd என்ற வாலோடு கிடக்கும் என்று திறந்து காட்டினாள். மீதி எல்லாம் Lib-இல் நாம் படிக்கிற மாதிரி .py கோப்புகள். ஆக மூன்று இடம். நான் ஒரே இடத்தில் தேடிவிட்டு மனிதரைத் தூக்கில் போடப் போயிருக்கிறேன்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா?" என்றேன். வெட்கம் வந்தால் எனக்கு இப்படித்தான் வாய் வரும்.

"நீங்க போன்ல கத்திக்கிட்டு இருந்தீங்கக்கா."

தேவராஜ் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தார். குணா மறைக்கவில்லை.

4. கடைசியாகத் தொட்டவர்

சிரிப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. தேவராஜ் தன் திரையில் மாற்றப் பதிவேட்டைத் திறந்தார். சர்வரில் யார் எதை எப்போது வைத்தார்கள் என்று அதில் இருக்கும். கடைசி வரி: நவம்பர் முப்பது, மாலை ஐந்து நாற்பது, ஹமீதா, டிசம்பர் கோப்பு.

அதென்ன கோப்பு என்று சொல்லிவிடுகிறேன். லைன்களைக் கழுவும் நாட்கள், கையுறையின் தடிமன் அளவு எல்லாம் மாதாமாதம் மாறும். ஹமீதா வந்த பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சின்னக் கோப்பு எழுதி, மாதக் கடைசியில் புரோகிராமின் ஃபோல்டரில் வைப்பாள். எழுதிய மூலக் கோப்பை அங்கே வைக்கமாட்டோம். .pyc என்று கம்பைல் செய்ததை மட்டும் வைப்போம். அது என் சட்டம். ஒருமுறை ஒரு சூப்பர்வைசர் மூலக் கோப்பை நோட்பேடில் திறந்து, தனக்குப் பிடிக்காத லைனின் எண்ணை அழித்துவிட்டார். அன்றிலிருந்து யாரும் திறந்து படிக்க முடியாத கோப்புதான்.

"ஹமீதா, நேத்து சாயங்காலம் நீ ஒண்ணு வச்சுருக்க. இன்னைக்குக் காலையில ஓடலை. நடுவுல வேற யாரும் எதையும் தொடலை. நான் என்னான்னு நெனைக்கிறது?"

"அது வெறும் நம்பருதான் பாஸ். அஞ்சு மாசமா அதே மாதிரிதான் வச்சுக்கிட்டு வாரேன்."

"அஞ்சு மாசம் ஓடுச்சு. இப்ப ஓடலைல?" அவர் நீல ஃபைலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "லெட்டரை அப்புறம் பாப்போம்."

அந்த இழுப்பறை மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெறும் எண்கள் உள்ள கோப்பு லைப்ரரியை உடைக்காது என்று அப்போது நான் முழுக்க நம்பினேன். அதை அங்கேயே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு மணி நேரமாக என்மேல் இருந்த பார்வை அவள் பக்கம் திரும்பியதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவ்வளவு கேவலமான காரணம்தான்.

வெளியே வந்ததும் ஹமீதா அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, dis எங்க இருக்குன்னு எங்கேர்ந்து கேட்டீங்க?" என்றாள்.

"என் மேசையிலேர்ந்துதான். ஏன்?"

"சர்வர்ல எந்த ஃபோல்டர்ல நின்னு கேட்டீங்க?"

"எங்க நின்னு கேட்டா என்னா? dis ஒண்ணுதானே?"

"புரோகிராம் இருக்குற ஃபோல்டர்ல நின்னு கேட்டுப் பாக்கலாமா?"

எரிச்சலோடுதான் கூடப் போனேன். சீட்டு அச்சடிக்கும் அந்தச் சர்வர் ஆலைக்குள்ளே, அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும் இடத்தில் இருந்தது. அவள் நின்றபடியே புரோகிராமின் ஃபோல்டருக்குள் போய், அங்கிருந்து அதே கேள்வியை அடித்தாள்.

D:\label\dis.pyc என்று பதில் வந்தது.

எங்கள் ஃபோல்டர். ஜூலையிலிருந்து வரிசையாக jul, ogos, sep, okt, nov, dis. காலையிலிருந்து நாலு தடவையாவது அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்திருப்பேன். மலாய் மொழியில் டிசம்பர் என்றால் டிசெம்பர், சுருக்கினால் Dis. சம்பளச் சீட்டு, பஸ் அட்டவணை, அரசாங்கக் கடிதம் எல்லாவற்றிலும் டிசம்பரை அப்படிப் பார்த்தே வளர்ந்த கண். டிசம்பர் கோப்பு டிசம்பரில் இருக்கிறது, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கண் தாண்டிப் போய்விட்டது.

பைத்தான் ஒரு மோட்யூலைத் தேடும்போது முதலில் தன் வயிற்றுக்குள் பார்க்கும். sys, time போன்றவை அங்கேயே கிடைத்துவிடும். இல்லாவிட்டால் நம் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். Lib-க்கு அதற்கப்புறம்தான் போகும். inspect பாவம் லைப்ரரியின் dis-ஐக் கேட்டது. அதற்குக் கிடைத்தது எங்கள் டிசம்பர். லைன் கழுவும் தேதிகளை வைத்துக்கொண்டு அது என்னத்தைச் சொல்லும்? குணா பைத்தானை நூறு தடவை மாற்றிப் போட்டாலும் எங்கள் ஃபோல்டர் அப்படியேதான் இருந்திருக்கும்.

5. சிவப்பு மை

தேவராஜ் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். ஹமீதா அவருக்கு நாலே வரியில் விளக்கினாள்.

"ஆக, பேருதான் பிரச்சினை?" என்றார்.

"ஆமா பாஸ்."

"லைப்ரரில இருக்குற பேரை வைக்கக்கூடாதுன்னு தெரிய வேணாமா? யாரு வச்ச பேரு இது?"

ஹமீதா விசைப்பலகையைப் பார்த்தாள்.

எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. வரப்போகும் ஆறு மாதத்துக்கும் கோப்புப் பெயர்களை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். jul, ogos, sep, okt, nov, dec. நான் சிவப்புப் பேனாவால் கடைசிப் பெயரைச் சுழித்தேன். "ஓகோஸ், ஓக்டோபர்னு மலாய்ல எழுதிட்டு இது மட்டும் என்னா இங்கிலீஷ்? ஒண்ணு அந்தப் பக்கம் நில்லு, இல்ல இந்தப் பக்கம் நில்லு." அவள் தயங்கினாள். "எங்க கடை பில்லுல dis-னா டிஸ்கவுண்ட்டுக்கா. அந்தப் பழக்கத்துல dec-னு போட்டுட்டேன்." நான் சிரித்தேன். "இது ரெஸ்டாரன்ட் இல்லம்மா" என்று சொல்லி, dec-ஐ அடித்துவிட்டு dis என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். ஒழுங்கு முக்கியமாம்.

யார் வைத்த பெயர் என்று அவர் கேட்டதற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையே அரை நிமிடம் போயிருக்கும். அந்த அரை நிமிடத்தில் நான் என்னென்னவோ யோசித்தேன். அந்தத் தாள் என் இழுப்பறையில் இருக்கிறது, வேறு யாரிடமும் நகல் இல்லை. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். பார்ட்டி, பரிசு, மேடையில் நாலு நல்ல வார்த்தை எல்லாம் பேசி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவள் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

"நான் வச்சது பாஸ்," என்றேன். "அவ சரியாத்தான் எழுதுனா. நான்தான் திருத்துனேன்."

"என்னாது?"

"இருங்க, எடுத்துட்டு வாரேன்."

மேசைக்குப் போய் அந்தத் தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சிவப்புச் சுழியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருபத்தேழு வருஷ சர்வீஸ்லா," என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹமீதா அதற்குள் பெயரை மாற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் உதவுகிறேன் என்று உட்கார்ந்து, dec என்று புதிதாகக் கம்பைல் செய்து வைத்தேன். ஓட்டினேன். அதே எர்ரர். பழைய dis.pyc அங்கேயே கிடந்தது. நான் அழிக்கவில்லை. ஹமீதா கையை நீட்டி அதை அழித்தாள். பதினொன்று இருபதுக்கு முதல் சீட்டு சூடாக வெளியே வந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாரி கேட்டைத் தாண்டியது.

குணாவைக் கேன்டீனில் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். ஆனா அடுத்த தடவ டைம் காணோம்னா எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மோட்யூல் எங்கே இருக்கிறது என்று தேடினால், கோளாறு நடக்கிற இடத்துக்குப் போய் அங்கே நின்று கேளுங்கள். உங்கள் சௌகரியமான மேசையிலிருந்து கேட்டால் உங்களுக்குச் சௌகரியமான பதில்தான் வரும். கோப்பே இல்லாத மோட்யூலும் உண்டு, அதற்காக யாரையும் திருடன் ஆக்காதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் எழுதியதைத் திருத்தும் முன்னால், ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதிலையும் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்டேன், பதிலுக்குச் சிரித்தேன்.

மூன்று மணிக்குத் தேவராஜ் நீல ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார். ஹமீதா லெட்டரை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஆபீஸ் கடிதம் எல்லாம் மலாய் மொழியில்தான் அடிப்பார்கள். வலது மூலையில் தேதி இருந்தது: 1 Dis.

அவள் அதை விரலால் தட்டிக் காட்டினாள். பிறகு போய் ஒரு நகல் எடுத்துவந்தாள். என் பேனாத் தட்டிலிருந்த சிவப்புப் பேனாவை, கேட்காமலே எடுத்து, நகலில் Dis-ஐ அடித்துவிட்டு Dec என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"இதை ஃபைல் பண்ணிருங்கக்கா," என்றாள்.

ரிட்டயர் ஆன அன்று ஆபீஸிலிருந்து நான் வீட்டுக்கு எடுத்துவந்த ஒரே தாள் அதுதான்.